சிக்கிக்கொண்ட குண்டு

தேர்தல் வந்தால், உரிமம் வாங்கிய துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஒரு தேர்தலின்போது அங்கிருந்த அலமாரியில், விலை உயர்ந்த ஒரு ரிவால்வருக்குப் பக்கத்தில் மலிவு விலையில் வாங்கிய பெரிய பிஸ்டல் ஒன்று வந்து சேர்ந்தது.

“எங்க ஆளு என்னைப் பத்தி ஊர் பூரா பெருமை பேசுவாரு. தொட்டா வெடிக்கும், ஒருநாளும் ஏமாத்தாதுன்னு. உங்க ஆளு என்ன சொல்றாரு?” என்று கேட்டது ரிவால்வர்.

பிஸ்டல் தயங்கியது. “எங்க ஆளு வெள்ளைத்துரை என்னை ஒரே ஒரு தடவைதான் நீட்டினாரு. வரப்புத் தகராறு. எதிர்ல நின்னது அவரு தம்பி. கோபத்துல விசையை இழுத்துட்டாரு. எனக்குள்ள குண்டு சிக்கிக்கிச்சு.”

“அடப்பாவி! வந்ததே ஒரு வேலை, அதையும் செய்யலையா? உன்னைத் திரும்ப வாங்கவே வரமாட்டாரு, பாரு.”

தேர்தல் முடியும்வரை பிஸ்டலுக்கு அதே பயம்.

முடிந்த மறுநாளே வெள்ளைத்துரை வந்து நின்றார். பிஸ்டலை எடுத்த ஏட்டு சிரித்தார். “என்னய்யா, இந்த மலிவுச் சாமானையா நம்புறே? இதைக் குடுத்துட்டு நல்லதா ஒண்ணு வாங்கேன்.”

வெள்ளைத்துரை வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பைக்கில் உட்கார்ந்திருந்த தம்பி, “சீக்கிரம் வாண்ணே, மதினி மீன்குழம்பு வச்சிருக்கு!” என்று கத்தினான்.

“வேண்டாம் சார். இதைவிட நம்பிக்கையான சாமான் எனக்குக் கிடைக்காது” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தம்பியின் முதுகுக்கும் அண்ணனின் வயிற்றுக்கும் நடுவே, பிஸ்டல் நிம்மதியாக வீட்டுக்குப் போனது.