அதே ஊதாப் பட்டு

"அண்ணே, இந்தச் சேலைய மட்டும் மாத்திடுங்க. புண்ணியமாப் போவும்!"

சுமதி கம்ப்யூட்டர் திரையிலேயே விரலை வைத்துக் காட்டினாள். பஸ் ஸ்டாண்டில் தின்ற வடையின் எண்ணெய் திரையில் அப்பிக்கொண்டது.

மறுநாள் அவள் மாமியாருக்குக் கருமாதி. அந்தம்மாள் உயிரோடிருந்தவரை ஒரு போட்டோவுக்கும் ஒழுங்காக நின்றதில்லை. மிஞ்சியது ஆதார் அட்டைப் படம்தான். அதைப் பெரிதாக்கி, புள்ளிகளைத் தேய்த்தெடுத்து, பட்டுச் சேலை கட்டிய வேறோர் உடம்பில் தலையைப் பொருத்திக் கொடுப்பதில் பெரம்பலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த தங்கராசுவை அடிக்க ஆளில்லை. ஆனால் அவரிடம் இருந்த பெண் உடம்பு ஒன்றே ஒன்று. ஊதாப் பட்டு, அரக்கு பார்டர்.

"சேலைக்கு என்னம்மா?"

"எங்க ஊரு வாலிகண்டபுரத்துல வந்து பாருங்க. வீராயி வூட்டுப் படத்துலயும் இதே சேலை, செல்லக்கண்ணு அம்மா படத்துலயும் இதே சேலை. செத்தவங்களுக்கெல்லாம் யூனிபார்மான்னு கேக்குறாங்க. நாளைக்கு என் நாத்தனா வேற வர்றா. உசுரோட இருக்கும்போது பட்டு எடுத்துத் தரல, செத்த பொறவு எரவல் சேலையான்னு ஊருக்கு முன்னாடி என் மானத்த வாங்கிடுவா."

"வேற உடம்பு நம்மகிட்ட இல்ல."

"கலரையாச்சும் பச்சையா மாத்துங்க. சுருக்கா முடியுமாமே?"

"முடியும். ஆனா அந்தச் சேலை ஊதாம்மா" என்றார் தங்கராசு, மாற்றினால் பொய்ச் சாட்சி சொன்னதாகிவிடும் என்பதுபோல.

"சரி, தோள்ல ஒட்டியிருக்கற ரோசா இதழையாவது எடுங்க. செல்லக்கண்ணு அம்மா தோள்லயும் இதே எடத்துல இருக்கு."

"இருக்கட்டும்."

வேலை நடக்காத இடத்தில் சுமதி விசாரணையை ஆரம்பித்துவிடுவாள். "அண்ணி எங்க, ஆளையே காணோம்?"

"திருமானூர்ல அம்மா வூட்டுக்குப் போயிருக்கா. வந்துடுவா."

வீராயி தன் வீட்டுப் படத்தை வாங்க வந்து கேட்டபோதும் இதே பதில்தான். அண்ணி என்று ஒருத்தி உண்டா, இல்லையா என்பதில் வாலிகண்டபுரத்தில் இரண்டு கட்சி. கடைக்கு மேலேயே வீடு. மாடிக் கொடியில் ஒரு லுங்கி, ஒரு துண்டு, ஒரு சட்டை. வரும்போதே சுமதி நோட்டம் பார்த்திருந்தாள்.

தங்கராசு திரையின் ஓரத்தில் கண் மாதிரி இருந்த ஒரு குறியை அமுக்கினார். மாமியாரின் முகம் மறைந்தது. மறுபடி அமுக்கினார், வந்தது. முகத்தின் கறுப்பைக் கழுத்தின் மாநிறத்தில் இழைத்து, தாடைக்குக் கீழே கொஞ்சம் நிழல் கொடுத்தார்.

"டீ வாங்கியாறேன். எதையும் தொட்டுடாத."

தொடாதே என்று சொல்லாமல் போயிருந்தால் ஒருவேளை தொட்டிருக்கமாட்டாள். வரிசையாக இருந்த கண்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். மாமியார் முகம் போனது. ஊதாச் சேலை உடம்பு போனது. பின்னாலிருந்த நீலமும் போனது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய கல்யாணப் போட்டோ கிடந்தது.

தலை நிறைய முடியோடு, மாலையும் கழுத்துமாகத் தங்கராசு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே ஊதாப் பட்டு. கழுத்தில் ரோசா மாலை, அதிலிருந்து உதிர்ந்த ஓர் இதழ் தோளில். முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், கத்தரிக்கோலால் யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போன ஓட்டை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுமதி அவசர அவசரமாக எல்லாக் கண்களையும் அமுக்கி, மாமியாரை இருந்த இடத்திலேயே உட்கார வைத்தாள்.

"டீ குடிம்மா." தங்கராசு தம்ளரை நீட்டினார். "நீ சொல்றதும் சரிதான். நெட்ல வேற சேலை ஏதாவது தேடட்டுமா?"

"வேண்டாம்ண்ணே" என்றாள் சுமதி, அவர் முகத்தைப் பார்க்காமல். "எங்க அத்தையே இருக்கட்டும். அந்த எடம் ஓட்டையாக் கெடந்தா நல்லாவா இருக்கு?"