கறுப்பு மண்

"எங்க தண்ணியில விஷத்தைக் கலந்துட்டு எப்படிய்யா உனக்கு கேக் உள்ள இறங்குது?"

கூட்டத்தில் பிரெபன் மேசையைத் தட்டியதில் காபிக் கோப்பைகள் குலுங்கின. ஊர்த் தண்ணீர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

யூட்லாந்துக் கிராமங்களில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை குளோரின் எதுவும் கலக்காமல்தான் குடிப்போம். அதில் எங்களுக்குத் தனிக் கர்வம். அந்தத் தண்ணீரில் களைக்கொல்லி இருப்பதாகச் சோதனை முடிவு வந்திருந்தது.

தோர்கில் தலை நிமிரவில்லை. கிணற்றை ஒட்டிய உருளைக்கிழங்கு வயல் அவனுடையது. வேறு யார் செய்திருப்பார்கள்? எனக்கும் ஆத்திரம் வந்தது.

"இனி அந்த வயல்ல இவன் பயிர் வைக்கக் கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க."

பாதிக் கைகள் எழுந்தன. என்னுடையதும்தான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் ரிக்கே. மண்ணுக்குள் மருந்து எங்கே, எவ்வளவு போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள். அவளை வரவழைத்ததே பிரெபன்தான்.

"மழை, மண்ணு, இவர் அடிக்கிற மருந்து எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேன். கிணறு வரைக்கும் வரல."

"கம்ப்யூட்டர் ஜோசியமா?"

"மேல இருக்கிற கறுப்பு மண்ணு மருந்தைப் பிடிச்சு வச்சுக்குது. அதுல இருக்கிற கிருமிங்க தின்னு தீர்த்துடுது. மருந்தை ரெண்டு மடங்கா போட்டும் பார்த்துட்டேன்."

"அப்ப வானத்துல இருந்தா கொட்டுச்சு?"

"கறுப்பு மண்ணே இல்லாம வெறும் சரளை கிடக்கிற இடத்துல அடிச்சா நேரா கீழ இறங்கிடும். கிணத்துப் பக்கம் அப்படி இடம் இருக்கா?"

தோர்கில் அப்போதுதான் நிமிர்ந்து பிரெபனை ஒரு பார்வை பார்த்தான். "அதை விட்டுடுங்க ரிக்கே. நான் பயிர் வைக்கல. அதோட போகட்டும்."

"ஏன் விடணும்?" பிரெபனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கிணத்தடியைப் பத்தி என்கிட்டயே பேசறீங்களா? அங்க இருந்த மண்ணை வழிச்செடுத்துட்டு சரளை கொட்டினதே நான்தான். வருஷா வருஷம் என் கையாலயே களைக்கொல்லி அடிக்கிறேன். அங்க ஒரே ஒரு புல்லு காட்டுங்க பார்ப்போம்."