வெறுங்கால்

மக்வேடா தெருவின் கல்தரையில் மாலை வெயில் எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிறது. ஆண்டுதோறும் வரும் ஆபிரிக்கத் திருவிழாவின் மேளங்கள் மூலை திரும்ப, உல்லாசப் பயணிகள் கைபேசிகளை உயர்த்துகிறார்கள். தான் பராமரிக்கும், ‘சிஞ்ஞோரா’ என்று அழைக்கும் இத்தாலிய மூதாட்டியின் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நிற்கும் நாகபூசணி, நான்கு பேர் தோளில் காவிவர அசைந்து வரும் பெரிய மர முகத்தைக் கண்டதும், தேரைக் கண்டவள்போல் செருப்பைக் கழற்றுகிறாள். “அம்மா, இது சாமியில்லை, கார்னிவல். எல்லாரும் பாக்கினம்,” என்று மகள் பிரசாந்தினி நெளிகிறாள். “தெரியும் பிள்ளை. காவுறவை வெறுங்காலோடை வருகினம், பார்.” கல் சுடுகிறது, அவள் காலை மாற்றி வைக்கவில்லை. முன்னால் காவுகிறவன் அவள் பாதங்களைக் கண்டு தோளைத் தாழ்த்துகிறான். மர முகம் அவள் பக்கம் மெல்லச் சாய்கிறது. நாற்காலியில் சிஞ்ஞோரா, துணிச் சப்பாத்துக்குள்ளிருந்து தன் வலது காலை மெதுவாக வெளியே எடுக்கிறார்.