பூனைக் கழுத்துக்குப் பொன்பட்டை

"பட்டை இன்னும் அகலமா வேணும். தாடையிலேர்ந்து தோள் வரைக்கும் மூடட்டும்" என்றாள் பிராசாக் சீமாட்டி.

கடைக்காரர் கர்பொனெலுக்குத் தாங்கவில்லை. மேசைமேல் இருந்தது சீனத்திலிருந்து கப்பலேறி வந்த நீலப் பீங்கான் பூனை. சளி பிடித்த குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி அதன் கழுத்தில் சீமாட்டி பட்டுத்துணி சுற்றியிருந்தாள்.

பாரீசில் அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருமே பீங்கானுக்குப் பொன்முலாம் பூசிய வெண்கலம் கேட்பவர்கள்தான். காலடியில் ஒரு பீடம், சுற்றி நாலு இலை, அதோடு விட்டுவிடுவார்கள். இந்த அம்மாள் பூனையையே வெண்கலத்துக்குள் புதைக்கச் சொல்கிறாளே! பணம் இருக்கிற இடத்தில் ரசனையும் இருக்கவேண்டும் என்று சட்டமா என்ன?

"உங்க வீட்டுப் பிரபுவுக்கு வெண்கலமே ஆகாதே அம்மா. பீங்கானுக்கு நகை மாட்டறவனை நாடு கடத்தணும்னு இதே இடத்துல நின்னு சொன்னாரு."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"இது ஜோடிப் பூனையாச்சே. ஒண்ணுக்கு மட்டும் பட்டை போட்டா ஜோடியே கெட்டுடும்மா."

சீமாட்டி துணியை அவிழ்த்தாள். பூனையின் தலை அவள் கையோடு வந்துவிட்டது.

வேலைக்காரப் பெண் பெரீன் தூசி தட்டியபோது தலை கழன்று கம்பளத்தில் உருண்டதாம். பீங்கானை உடைத்தவர் அன்றைக்கே வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பது பிரபு போட்ட சட்டம். ஒரு கோப்பைக்காகச் சமையற்காரரையே அனுப்பியவர் அவர்.

"தாய் தகப்பன் இல்லாத பொண்ணு. வெளிய அனுப்பினா எங்க போவா? அவர் கிராமத்து மாளிகைக்குப் போயிருக்கார். திரும்பி வர்றதுக்குள்ள இது தலையோட நிக்கணும்."

சீமாட்டியை மட்டமாக நினைத்ததற்குக் கர்பொனெல் வெட்கப்பட்டார். ரசனையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். இறங்கினார் என்றால், அவர் தொழிலில் எதை வேண்டுமானாலும் விற்கலாம், தன் கையால் ஓர் ஆணிகூடச் செய்யக்கூடாது என்பது வணிகர் சங்கத்து விதி. அதனால் வார்ப்புக்காரரையும் முலாம் பூசுகிறவரையும் மாற்றி மாற்றி நச்சரித்தார். இலையும் கொடியுமாக அகலப் பட்டை வந்தது. தலையை ஒட்டவைத்த இடமே தெரியவில்லை. பூனை பிரபு வருவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தது.

சில வாரம் கழித்து பிராசாக் பிரபுவே ஒரு மூட்டையோடு கடைக்குள் நுழைந்தார். கர்பொனெல் அவசரமாகக் கணக்குப் புத்தகத்தை மூடினார்.

மூட்டைக்குள் ஜோடியின் இன்னொரு பூனை இருந்தது. கர்பொனெல் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லாமல் கல் மாதிரி உறுதியாக இருந்தது.

"இதுக்கும் அதே பட்டை போடும்."

"பிரபு, உங்களுக்கு வெண்கலம்..."

"பிடிக்காது. இப்பவும் பிடிக்கல. ஒண்ணு மட்டும் பட்டை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, வர்றவன் எல்லாம் ஏன்னு கேப்பான். என் பெண்டாட்டிக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சி சிவந்துடும். அந்தப் பெரீன் உடனே அழ ஆரம்பிச்சுடுவா."

ஆக, இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கர்பொனெலுக்குக் கண் கலங்கியது.

"தெரிஞ்சும் அந்தப் பொண்ணை மன்னிச்சிட்டீங்களே. உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!"

பிரபு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிக்கறதாவது! ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு அந்தப் பூனையை ஆசையா கையில எடுத்தேன், தலை கழண்டு வந்துடுச்சு. சத்தம் போடாம தலையைக் கழுத்துமேல வச்சிட்டு வண்டியேறிட்டேன். பாவம், அவ தூசிதான் தட்டினா."