மேசைக்குக் கீழே

“பேனையைக் கீழ வை. எழும்பு!”

ஹமீமா டீச்சர் போட்ட சத்தத்தில் பரீட்சை மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரம் இருந்த விதுஷா மெல்ல எழும்பினாள். உக்குவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சையில் அன்று விஞ்ஞானம்.

கண்காணிப்புக்கு வந்த ஹமீமா வெகுநேரமாக அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே இடது கையைப் பொத்துகிறாள். அதன் மேல் வலது கையால் ஒரு விரலை வைக்கிறாள். பிறகு இரண்டு விரல். பிறகு நெஞ்சில் ஒரு தட்டு. ஒன்று, இரண்டு என்று விடை இலக்கம் போடும் வினாத்தாளில் இதற்கு வேறென்ன அர்த்தம்? பக்கத்து வரிசைக்கு விடை போகிறது.

காலையில் வாசலில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து “குட் மோர்னிங் டீச்சர்” என்றதும் இந்தப் பிள்ளைதான். முன்பின் தெரியாத பிள்ளைக்கு என்ன இவ்வளவு குழைவு என்று அப்போதே ஹமீமாவுக்கு ஒரு மாதிரி இருந்தது. இப்போது விளங்கிவிட்டது.

மண்டபப் பொறுப்பாளர் சசிக்குமார் சேர் விரைந்து வந்தார்.

“யாருக்குக் காட்டின?”

“யாருக்கும் இல்ல சேர். இது ரத்தம் சுத்துற கேள்வி. வலது சோணையறை, வலது இதயவறை, நுரையீரல்... கைய வச்சிப் பாத்தாத்தான் எனக்கு வரிசையா ஞாபகம் வரும். மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்னு கீழ வச்சி செஞ்சேன்.”

சசிக்குமார் சிரித்துவிட்டார். “ஞாபகம் என்ன கையிலயா இருக்கு? கேட்டீங்களா டீச்சர் கதைய!”

ஹமீமாவுக்குச் சுருக்கென்றது. ஆமாம், கையிலும்தான் இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவரே அவர்தான். பாடத்தில் கொஞ்சத்தைக் கை சுமந்துகொண்டால் மூளைக்குப் பாரம் குறையும், சைகையோடு படித்த பிள்ளை இலேசில் மறக்காது என்று மாத்தளையில் எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் மேடையேறிச் சொல்கிறவர்.

ஒரு வார்த்தை போதும். ‘அப்படியும் இருக்கலாம் சேர், நான்தான் அவசரப்பட்டுட்டேன்.’

ஆனால் சத்தம் போட்டாயிற்று. இப்போது பின்வாங்கினால் சசிக்குமார் என்ன நினைப்பார்? மற்ற டீச்சர்மார் என்ன கதைப்பார்கள்? அதுவுமில்லாமல், தான் பிள்ளைகளுக்குக் காட்டியதெல்லாம் கையைத் தாராளமாக வீசிச் செய்கிற சைகை. இப்படி ஒளித்து ஒளித்துச் செய்கிற வேலையா அது? தனக்கு வசதியான நியாயத்தைத் தேடுகிறவருக்கு அது கிடைக்காமல் போவதே இல்லை.

“என்ட கண்ணால கண்டேன் சேர்” என்றார்.

விதுஷாவின் முகம் வெளிறிப்போனது. “டீச்சர், இதுல பெயிலானா கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிருவாங்க டீச்சர். மேல படிக்க விட மாட்டாங்க.”

சசிக்குமார் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, இந்தக் கை வேலைய உனக்குப் பழக்கினது யாரு? பேரைச் சொல்லு. உன்ன எழுத விடுறேன். டீச்சர்மார் யாராவதுன்னா வேலையும் போகும், பென்சனும் போகும், அத நான் பாத்துக்கிறேன்.”

விதுஷா நிமிர்ந்து ஹமீமாவைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

“யாரும் பழக்கல சேர்.”

“முழிக்கிற முழியைப் பாருங்க டீச்சர். கள்ளம்தான்.”

விடைத்தாள் தனி உறைக்குள் போனது. ஹமீமா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பரீட்சை முடிந்து விடைத்தாள்களை ஏற்றிய வேனும் போன பிறகு ஹமீமா வெளியே வந்தார். பாடசாலைக் கேட்டடியில் விதுஷா சுவரைப் பார்த்தபடி குந்தியிருந்தாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்த அம்மாக்காரி, டீச்சரைக் கண்டதும் எழும்பி வந்தாள்.

ஹமீமா முந்திக்கொண்டார். “என்னோட சண்டைக்கு வராதீங்க. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்டுதான்.”

“ஐயோ, சண்டைக்கு வரலைங்க டீச்சர். உங்களப் போய்த் திட்டுவேனா? நீங்கதானே போன வருஷம் ஆராய்ச்சின்னு எங்க தோட்டத்து ஸ்கூலுக்கு வந்து, புள்ளைகளுக்குக் கைய அசைச்சிப் படிக்கக் காட்டித் தந்தீங்க. அதுக்குப் பொறகுதான் இவளுக்குப் படிப்பே மண்டையில ஏறிச்சு. இன்னைக்குக் காலையில உங்கள வாசல்ல கண்டதும், ‘எங்க டீச்சரே வந்துட்டாங்க, இனி பாஸ்தாம்மா’ன்னு குதிச்சிக்கிட்டுப் போனா.”

அன்று அந்த வகுப்பில் எத்தனையோ முகங்கள். ஆராய்ச்சி முடிவுகள் கைக்கு வந்ததும் ஒன்றுகூட அவர் நினைவில் தங்கவில்லை.

“அப்ப... உள்ள சேர் கேட்கக்குள்ள என்ட பேரைச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல்ல?”

“நானும் அதத்தாங்க கேட்டேன். சொன்னா டீச்சருக்கு வேலை போயிரும்னு அந்த சேர் சொன்னாராம். ‘நான் கொழும்புக்கே போறேம்மா, எங்க டீச்சர் பாவம்’ங்குறா.”