கைப்பதம்

விமானம் விழுந்த செய்தி வந்ததிலிருந்து தணிகாசலத்தின் வலது கை எதைத் தொட்டாலும் இறுக்கியது. அவர் மூடிய ஒரு குழாயையும் வீட்டில் யாராலும் திறக்க முடியவில்லை. "ஊறுகா பாட்டிலை இனிமே உடைச்சுத்தான் சாப்பிடணும் போல" என்றாள் மனைவி நீலவேணி. அவர் சிரிக்கவில்லை. அந்த விமானத்திலிருந்து நடுவானில் கழன்று விழுந்த இன்ஜினின் போல்ட்டை முடுக்கிய மெக்கானிக் அவர்தான். முடுக்கிய அன்று ஆயுத பூஜை. இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர் சந்தனப் பொட்டோடு சாமி படத்தின் முன்னால் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்று, சாதாரண ஸ்பேனரால் கைப்பதத்தில் முடுக்கிவிட்டு விமானத்தை அனுப்பினார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்று விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். "போல்ட் தயாரிப்புலயே கோளாறுன்னு முடிவாயிடுச்சு சார். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நிம்மதியா இருங்க" என்று கையை நீட்டினார். தணிகாசலம் அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். விரல்கள் மெல்ல முடுக்கத் தொடங்கின. அதிகாரியின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "வலிக்குது சார், விடுங்க." தணிகாசலத்தின் கண்கள் நிறைந்திருந்தன. "எவ்வளவு இறுக்கினா போதும்னு கைக்குத் தெரியலையே சார்" என்றார்.