ஆற்றாமல் கொடுக்கத் தெரியாதவர்

அவர் அடுப்படிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

மாரிக்கனிக்கு நம்பவே முடியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் கட்டின புருஷன் இந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் ஊருக்கெல்லாம் டீ போடுகிற மாஸ்டர். வீட்டிலோ குடிக்கிற தண்ணீரும் உட்கார்ந்த இடத்துக்கு வர வேண்டும்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பிரஷர் ஏறிக் கிடக்கிறது, இறங்கட்டும், அப்புறம் ஆப்பரேஷன் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் மூன்றாவது தடவை போக வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து கொடு, பிரஷர் இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையோடு இதையும் குடிக்கட்டுமே என்று, மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மடி நிறையப் பூவோடு வந்துவிட்டார்.

முதல் தடவை, கைப்பழக்கத்தில் பாலை ஊற்றித் தொலைத்தார்.

எலுமிச்சை பிழிந்ததில் பால். திரியாமல் என்ன செய்யும்?

அதைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் வைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பூ வெந்த தண்ணீர் கருநீலமாக இருந்தது. நாலு சொட்டு எலுமிச்சை விழுந்ததும், அம்மாடி, அப்படியே சிவந்துவிட்டது. மங்கின கண்ணுக்கே தெரிந்தது.

இதை ஆற்ற வேண்டியதே இல்லை.

ஆற்றாமல் கொடுக்க அவருக்குத் தெரியாது.

வலது கை தலைக்கு மேலே போனது. இடது கை இடுப்புக்குக் கீழே இறங்கியது.

நடுவில் அந்தச் சிவப்பு.

அவளுக்கு டம்ளர் தெரியவில்லை. அவர் முகமும் தெரியவில்லை. சிவப்பு மட்டும் கயிறுபோல இறங்கியது, சுருண்டது, மறுபடி இறங்கியது. தரையில் ஒரு சொட்டு விழுந்த சத்தம் இல்லை.

வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

டீக்கடை வாசலில் பெண்கள் போய் நிற்கிற ஊர் இல்லை இது. ஊரே தினமும் பார்ப்பதை அவள் இன்றுதான் பார்க்கிறாள். அதுவும் அரைகுறையாக. இந்த மனுஷனுக்குள் இப்படி ஒன்று இருந்ததா?

டம்ளரைக் கையில் வாங்கினாள்.

"கண்ணு சரியானப்புறம் இன்னொருக்கா ஆத்திக் காட்டுவீகளா?"

"அதுக்கென்ன" என்று துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பாதி குடித்தாள். புளித்தது.

பிறகு எட்டி, மேல்தட்டிலிருந்து கடுகு டப்பாவை இறக்கினாள்.

கடுகுக்குள் மாத்திரை அட்டை இருந்தது. கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயத்தில், பிரஷர் இறங்கிவிடக் கூடாதென்று அவளே புதைத்து வைத்தது. ஒன்றுகூடக் கிழிபடவில்லை.

விரலால் தடவித் தடவி ஒன்றைக் கிழித்தாள்.

நாக்கில் வைத்து, மீதி டீயைக் குடித்து விழுங்கினாள்.